அத்தையும் ஸ்டாகரும்

"ஏண்டாப்பா, நான் குடித்துவிட்டு ஆடுகிறேன் என்றா அந்த டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்?"

என் அத்தை இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு ஒரு பக்கமும் பயம் ஒரு பக்கமுமாக வந்தது. சிரித்தால் அத்தைக்குக் கோபம் வரும். சிரிக்காமல் இருந்தாலோ, "அப்படியானால் மெய்தான் போலிருக்கிறது" என்று நினைத்துக் கொள்வாள்!

நேயர்களுக்கு விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொல்லிவிடுகிறேன். என் அத்தைக்கு வயது 78. குன்னூரில், கடைவீதிக்கு மேலே ஒரு சரிவில், அவளுக்கு ஒரு சின்ன வீடு. மாமா அருவங்காட்டில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் கட்டியது. சாலையிலிருந்து வீட்டு வாசலுக்கு 42 படிகள் ஏற வேண்டும். வாசலில் நின்றால் எதிர்ச் சரிவு முழுவதும் தேயிலை. மாமா காலமாகிப் பதினொரு வருஷம் ஆயிற்று. அத்தை மட்டும் அந்த வீட்டையும், இரண்டு ரோஜாச் செடிகளையும், ஒரு பூனையையும் விட்டு நகர மாட்டேன் என்கிறாள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு பெரிய அத்தான் அவளைக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் நடுவாக இரண்டு வார்த்தைகள்: 'ஸ்டாகரிங் கெய்ட்'. பேத்தி சும்மா இருப்பாளா? உடனே செல்போனில் அகராதியைப் பார்த்து, "பாட்டி, ஸ்டாகர் என்றால் குடிபோதையில் போலத் தள்ளாடுவது என்று போட்டிருக்கிறது!" என்று உரக்கப் படித்துவிட்டாள்.

வந்தது வினை! அத்தை அன்று இரவு சாப்பிடவில்லை. பிள்ளைகளோ வேறு கவலையில் இருந்தார்கள். "அம்மாவுக்கு இனிமேல் மலை சரிப்படாது. வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடட்டும்" என்று பெரியவரும் சின்னவரும் டெலிபோனில் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அத்தை எனக்குச் சொல்லி அனுப்பினாள்: "வாராவாரம் வார்த்தைக்கு வியாக்கியானம் எழுதுகிறாயே, என் வார்த்தைக்கும் ஒரு வியாக்கியானம் சொல்லிவிட்டுப் போ!"

ஆகவே, இந்த வாரத்து வார்த்தை 'ஸ்டாகர்'.

இது இங்கிலீஷ்காரர்களின் சொந்தச் சரக்கு அல்ல. ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து வைக்கிங் கூட்டத்தார் கப்பலேறி வந்து இங்கிலாந்துக் கரையோரத்தைச் சூறையாடினார்கள் அல்லவா? அவர்களில் பலர் கொள்ளையடித்துக் களைத்துப்போய், அங்கேயே நிலம் உழுது குடியும் குடித்தனமுமாகத் தங்கிவிட்டார்கள். அவர்கள் வீட்டு வார்த்தைகள் பல இங்கிலீஷில் கலந்துவிட்டன. 'ஸ்கை', 'எக்', 'விண்டோ', 'நைஃப்' எல்லாம் அவர்கள் கொண்டு வந்தவை. அவ்வளவு ஏன், 'ஹஸ்பெண்ட்' கூட அந்தக் கப்பலில் வந்து இறங்கியவர்தான்!

அந்தக் கூட்டத்தாரின் பாஷையில் 'ஸ்டாகா' என்றால் தள்ளுவது. 'ஸ்டாக்ரா' என்றால் திரும்பத் திரும்பத் தள்ளுவது, அப்படித் தள்ளுண்டவன் போல ஆடுவது. அதுதான் இங்கிலீஷில் புகுந்து, தேய்ந்து, 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் 'ஸ்டாகர்' ஆயிற்று.

நம்முடைய 'தள்ளாட்டம்' என்ற வார்த்தையை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'தள்ளு' என்பதும் 'ஆடு' என்பதும் காதில் விழுகின்றன அல்லவா? தளர்ச்சி, தளர்நடை எல்லாம் பக்கத்து வீட்டு உறவு. கடலுக்கு அப்பால் இருந்தவனும், காவேரிக் கரையில் இருந்தவனும், நிற்க முடியாமல் ஆடுகிற மனிதனைப் பார்த்தபோது ஒரே மாதிரிதான் நினைத்திருக்கிறார்கள்: 'இவனை யாரோ கண்ணுக்குத் தெரியாமல் தள்ளுகிறார்கள்!'

ஸ்டாகருக்கு இங்கிலீஷில் பங்காளிகள் அநேகம். நடை பழகும் குழந்தையும், தடி ஊன்றும் தாத்தாவும் 'டாட்டர்' ஆவார்கள். மூன்று கால் சரியாகவும் ஒரு கால் கட்டையாகவும் உள்ள நாற்காலி 'வாபிள்' ஆகும். காற்றில் விளக்குச் சுடர் 'வேவர்' ஆகும். எந்தப் புடவையை எடுப்பது என்று ஜவுளிக் கடையில் நிற்கும் மனசும் அப்படியே! தலை சுற்றினால் 'ரீல்' என்பார்கள். உங்கள் தையல் மிஷினில் நூல் சுற்றியிருக்கிறதே, அந்த ரீலுக்கு இது உறவு.

இந்த வார்த்தைகளில் பலவற்றுக்கு 'அர்' என்று ஒரு வால் இருப்பதைக் கவனித்தீர்களா? ஒரு காரியம் சின்னச் சின்னதாகத் திரும்பத் திரும்ப நடந்தால் இங்கிலீஷில் இந்த வால் முளைக்கும். நாமோ வார்த்தையையே இரட்டித்து விடுகிறோம். தத்தித் தத்தி, தடதடவென்று, வெடவெடவென்று! அவர்கள் வால் ஒட்டுகிறார்கள். நாம் ஜோடி சேர்க்கிறோம்.

"அதெல்லாம் இருக்கட்டும். குடிகாரன் எங்கேயிருந்து வந்தான்?" என்று அத்தை விடாமல் கேட்டாள்.

குடிகாரன் அகராதிக்கு உதாரணத்துக்காக வந்தவன், அவ்வளவுதான். நாம் விழாமல் நிற்பதற்கு உடம்பில் நாலைந்து பேர் வேலை செய்கிறார்கள். காதுக்கு உள்ளே மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவற்றிலுள்ள திரவம் அசைந்து காட்டிக் கொடுக்கும். கண் ஒரு சாட்சி. உள்ளங்காலும் மூட்டுகளும் தரையைப் பற்றிச் செய்தி அனுப்பும். எல்லாச் செய்திகளையும் சேர்த்து, தசைகளைச் சீராக வேலை வாங்குவதில் மூளையின் பின்புறமுள்ள சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. சாராயம் அந்தச் சிறுமூளையைத்தான் கெடுக்கிறது. அதனால்தான் குடித்தவன் தள்ளாடுகிறான். ஆனால் தள்ளாடுகிறவர் எல்லாம் குடித்தவர் அல்லவே! காதில் கோளாறு இருக்கலாம், கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கலாம், 'பி-12' என்ற வைட்டமின் குறைந்திருக்கலாம், மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம்.

நான் அந்த டாக்டரையே போய்ப் பார்த்தேன். மனிதர் பொறுமையாகப் பதில் சொன்னார். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் அத்தைக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறதாம். அதனால்தான் அந்த ஆட்டமாம். மாத்திரையின் அளவை அவர் ஏற்கெனவே மாற்றிக் கொடுத்திருந்தார். "எழுந்தவுடன் நடக்கக் கூடாது. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்க வேண்டும். படிக்குக் கைப்பிடி வேண்டும். குளிக்கும் அறைச் சுவரிலும் ஒரு பிடி வேண்டும்" என்றார். "வீட்டை விற்க வேண்டுமா?" என்று கேட்டேன். "அதை நான் எழுதவில்லையே! கொஞ்ச காலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும்" என்றார்.

(இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே மாத்திரையைக் குறைத்துக் கொள்ளக் கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்!)

பக்கத்தில் ஓர் ஆள்! சொல்வதற்குச் சுலபம். யார் அந்த ஆள்?

அதைப் பேசி முடிக்கத்தான் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் குன்னூரில் கூடுவதாக ஏற்பாடு. பெரிய அத்தானும் மனைவியும் கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் போனார்கள். அத்தையின் பெண் பெங்களூரிலிருந்து வந்தாள். சென்னையிலிருந்து நானும் சின்ன அத்தானும் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, காலை மலை ரயிலைப் பிடித்தோம்.

நீலகிரி ரயிலில் நீங்கள் போயிருப்பீர்கள். போகாதவர்கள் ஒரு தடவையாவது போக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 330 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,200 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். 12.5 அடி முன்னே போவதற்குள் ஓர் அடி மேலே ஏற வேண்டும். அந்த இடத்தில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஓடிவந்து ஏறலாம் போலத் தோன்றும்!

இந்த ரயிலில் எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை. பின்னாலிருந்து தள்ளுகிறது. வைக்கிங்காரன் பார்த்திருந்தால் 'ஸ்டாகா!' என்று கத்தியிருப்பான். டிரைவர் பின்னால் இருப்பதால் அவருக்கு வழி தெரியாது. முன் பெட்டியின் மேடையில் நிற்பவர் கொடி காட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்காரர் உண்டு.

தள்ளப்படுகிற ரயில் தள்ளாட வேண்டாமோ? வழுக்கிக் கீழே வர வேண்டாமோ? ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது நானும் சின்ன அத்தானும் இறங்கித் தண்டவாளத்தைப் பார்த்தோம். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு பக்கம் பக்கமாக ஓடுகின்றன. எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரங்கள் அந்தப் பற்களைக் கடித்துக் கடித்துத்தான் மேலே ஏறுகின்றன.

இரண்டு சீப்புகளை எடுத்து ஒட்டினாற் போல் வையுங்கள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றொன்றின் பல் வராமல், பல்லுக்கு நேரே இடைவெளி வரும்படி கொஞ்சம் நகர்த்துங்கள். அந்தப் பட்டைகளும் அப்படித்தான் இருக்கின்றன. ஒரு பட்டையின் பல்லை விட்டுச் சக்கரம் நகரும் சமயத்தில், அடுத்த பட்டையின் பல்லைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பிடி உண்டு. குலுக்கலும் இல்லை, நழுவலும் இல்லை.

இப்படி மாற்றி மாற்றி வைப்பதற்கு இங்கிலீஷில் என்ன பெயர் தெரியுமா? 'ஸ்டாகர்' செய்வது என்றுதான் பெயர்!

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. தள்ளாட்டத்துக்கு இட்ட பெயரையே, தள்ளாடாமல் தாங்கும் ஏற்பாட்டுக்கும் இட்டிருக்கிறார்களே! ஆனால் காரணம் விளங்காமல் இல்லை. தள்ளாடுகிறவன் கால் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று கோணல் மாணலாக விழும். அந்தக் காலடிகளைப் போல இப்படியும் அப்படியுமாகப் பொருள்களை வரிசை வைப்பதை, 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலே 'ஸ்டாகர்' என்று சொல்லத் தொடங்கினார்கள். பிற்பாடு, ஆபீஸ் விடும் நேரத்தைக் கூட்டம் நெரியாமல் மாற்றி மாற்றி வைப்பதற்கும் அதே வார்த்தை வந்தது. கொத்தனார் செங்கல் வைக்கும்போது கீழ் வரிசை மூட்டுக்கு நேர் மேலே மூட்டு வராமல் வைக்கிறாரே, அதுவும் ஸ்டாகர்தான். தேயிலைச் செடியை இரட்டை வரிசையாக நடும்போது, ஒரு வரிசைச் செடிக்கு எதிரே மறு வரிசையில் இடைவெளி வரும்படி நடுகிறார்கள். மழை நீர் நேராகப் பாய்ந்து மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் அது தடுக்கிறது. அத்தை வீட்டு வாசலில் நின்றால் எதிரே தெரிவதே அதுதானே!

இந்தப் பல் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினீயர். 'ஆப்ட்' என்பது மாற்றி மாற்றிக் கடிக்கும் பல் என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தைகளின் சுருக்கம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பொருத்தமாக இருக்கிறது, ஆனால் சரியல்ல. அது அந்த மனிதரின் பெயர்தான்! அவருக்கு முன்னோடியான ரிக்கன்பாக் என்பவர் 1882-இல் நீலகிரிக்கே வந்து திட்டம் போட்டுக் கொடுத்தார். அப்புறமும் காரியம் சுலபமாக நடந்துவிடவில்லை. 1891-இல் வேலை ஆரம்பித்தது. கம்பெனி பண நெருக்கடியில் மூழ்கியது. வேறு கம்பெனி எடுத்துக்கொண்டு, 1899-இல் குன்னூருக்கு ரயில் வந்து சேர்ந்தது. ஊட்டியை எட்ட 1908 ஆயிற்று. ரயிலே தள்ளாடித் தள்ளாடித்தான் மலை ஏறியிருக்கிறது! 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த எஞ்சின்களின் மாதிரியில் நம் திருச்சி பொன்மலைப் பட்டறையிலேயே புதியவை செய்தார்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

குன்னூர் வந்து சேர்ந்தோம். 42 படி ஏறினோம். மத்தியானச் சாப்பாடு ஆனதும் சபை கூடிற்று.

"வீட்டை விற்பதுதான் வழி" என்று பெரியவர் ஆரம்பித்தார். "என்னால் வருஷம் முழுவதும் லீவு போட முடியுமா?" என்றார் சின்னவர். "நான் மட்டும் என்ன செய்வேன்?" என்றாள் பெண். அத்தை ஒன்றும் பேசாமல் பூனையைத் தடவிக் கொண்டிருந்தாள். அப்போது மூலையில் உட்கார்ந்து வெற்றிலைத் தட்டைத் துடைத்துக் கொண்டிருந்த பெரிய மருமகள் நிமிர்ந்தாள்.

"பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் எல்லோரும் சேர்ந்து வருகிறோம். பத்து நாள் வீடு தாங்காது. அப்புறம் மூன்று மாதம் ஒருவரும் இல்லை. நடுவே அத்தைக்குத் தலை சுற்றினால் டெலிபோன் எனக்கு வருகிறது. நான்தான் பஸ் ஏறுகிறேன். இந்த வருஷம் எத்தனை தடவை ஏறினேன் என்று யாராவது கேட்டீர்களா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரியவர் தரையைப் பார்த்தார்.

சின்ன அத்தான்தான் மெதுவாகச் சொன்னார்: "அண்ணி சொல்வது சரி. எல்லாப் பல்லும் ஒரே சமயத்தில் கடித்தால், எல்லாப் பல்லும் ஒரே சமயத்தில் விட்டுவிடும். நாம் அப்படித்தான் இருந்திருக்கிறோம்." பிறகு ஹில்குரோவில் பார்த்ததைச் சொன்னார். நான் வார்த்தையின் கதையைச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் போட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். மூன்று குடும்பம். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் பத்துப் பத்து நாள். அடுத்தவர் வந்து சேர்ந்த பிறகுதான் முன்னவர் கிளம்பலாம். மருமகள்கள் மட்டுமல்ல, பிள்ளைகளும் மாப்பிள்ளையும் முறை எடுக்க வேண்டும். இது அத்தையின் பெண் போட்ட நிபந்தனை. பெரியவர் தமக்கு முதல் முறையை எழுதிக் கொண்டார். ரசம் வைக்கத் தெரியாதே என்று கவலைப்பட்டார். "நான் உட்கார்ந்தபடியே சொல்லித் தருகிறேன், வா" என்றாள் அத்தை.

"எனக்கு டூட்டி போடுகிறீர்களா?" என்று ஒரு தடவை முகத்தைச் சுளித்தாள். ஆனால் அன்று இரவு சாப்பிட்டாள்.

படுக்கப் போகும்போது, "உன் ஸ்டாகருக்குத் தமிழில் என்னடா?" என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் அவளே சொன்னாள்: "எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல். எந்த வயலும் காயாது. முறை என்று சொல்லேன்!"

வியாக்கியானம் சொல்லப் போன எனக்கு அத்தை வியாக்கியானம் சொல்லிவிட்டாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் தள்ளாடுகிற ஒருவர் இருக்கலாம். அவரைத் தாங்கும் பல்லாக நீங்கள் ஒருவரே இருக்கலாம். ஒற்றைப் பல் எத்தனை கெட்டியானாலும் தேய்ந்து போகும். அதைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். குடும்பம் கூடியிருக்கும் ஒரு நாளில் காலண்டரைக் கழற்றித் தரையில் போடுங்கள்.

இப்போது படிகளில் இரும்புக் கைப்பிடி போட்டாயிற்று. மாத்திரை மாற்றிய பிறகு ஆட்டமும் குறைந்திருக்கிறது. அத்தை பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று, தேயிலையைப் பார்த்துவிட்டு ஏறுகிறாள். நேற்றுக் காலையில் டெலிபோனில் கூப்பிட்டாள். பின்னணியில் குக்கர் விசில் கேட்டது.

"யார் அத்தை அங்கே?" என்றேன்.

"இந்த வாரம் மாப்பிள்ளை ஸ்டாகர்" என்றாள். "காப்பி பரவாயில்லை!"